கொல்லைப்புறத்துக்குப் போன குளம்

1964 ஜூன் 18. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் செயின்ட் அகஸ்டீன் என்ற ஊர். அங்கே மான்சன் மோட்டார் லாட்ஜ் என்றொரு விடுதி இருந்தது. வெள்ளையருக்கு மட்டுமே அறை, வெள்ளையருக்கு மட்டுமே நீச்சல் குளம். அன்று அங்கே அறை எடுத்திருந்த வெள்ளையினத் தோழர்கள், கறுப்பினப் போராளிகளைத் தங்கள் விருந்தினர்களாக அழைத்துக்கொண்டு குளத்தில் இறங்கினார்கள். மேலாளர் ஜேம்ஸ் பிராக் ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். குளத்தின் ஓரமாக நடந்தபடியே, அவர்கள் நீந்திக்கொண்டிருந்த நீரில் அதை ஊற்றினார். பயந்து ஒதுங்கும் இளைஞர்களும் குனிந்து ஊற்றும் மேலாளரும் ஒரே சட்டகத்தில் பதிவான அந்தப் புகைப்படம் உலகெங்கும் போனது.

அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருக்கலாம். ஊற்றியவரின் முகத்தைப் பற்றியும் நீரில் இருந்தவர்களின் முகத்தைப் பற்றியும் நிறைய எழுதிவிட்டார்கள். நான் அந்தக் கேனைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

அதில் இருந்தது ஹைட்ரோகுளோரிக் அமிலம். நம் ஊரில் கழிப்பறை கழுவ விற்கிறார்களே, அதே ஆசிட்தான். நீச்சல் குளம் பராமரிக்கும் ஒவ்வொருவர் வண்டியிலும் அது இருக்கும். குளத்து நீரின் பிஎச் அளவு 7.2 முதல் 7.8 வரை இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் குளோரின் சரியாக வேலை செய்யாது, நீர் கலங்கும். அப்போது அளந்து கொஞ்சம் அமிலம் சேர்ப்பார்கள். மேலாளர் ஆயுதம் தேடி எங்கும் போகவில்லை. தண்ணீரைச் சுத்தமாக வைக்க அன்றாடம் பயன்படுத்தும் பொருளையே எடுத்து வந்தார். அவர் கணக்கில் அன்றும் அவர் சுத்தம்தான் செய்தார்.

அடுத்த நாள், ஜூன் 19 அன்று, குடியுரிமைச் சட்டம் அமெரிக்க செனட்டில் நிறைவேறியது. ஜூலை 2இல் குடியரசுத் தலைவர் ஜான்சன் கையெழுத்திட்டார். விடுதி, உணவகம், திரையரங்கு எதிலும் நிறம் பார்த்துத் தடுக்கக் கூடாது என்றானது.

வென்றாகிவிட்டது. பிறகு என்ன நடந்தது என்பதுதான் தோழர்களே, நாம் படிக்க வேண்டிய பாடம். பொதுக் குளத்தில் கறுப்பின மக்கள் உரிமையோடு இறங்கத் தொடங்கிய காலத்தில், அதுவரை அதில் நீந்தியவர்கள் கரையேறிவிட்டார்கள். கரையேறியவர்கள் நீந்துவதை நிறுத்தவில்லை. குளத்தைத் தங்கள் கொல்லைப்புறத்துக்குக் கொண்டுபோனார்கள். இன்று அமெரிக்காவில் தெருவுக்குத் தெரு இருக்கும் நீச்சல் குளக் கடைகளும், குளம் சுத்தம் செய்து பிழைக்கும் சிறு நிறுவனங்களும் அந்த இடப்பெயர்ச்சியின் மேல் வளர்ந்தவை.

ஆயிரம் பேர் குளித்த குளம்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க நகராட்சிகள் குளங்கள் கட்டத் தொடங்கியபோது அவை கேளிக்கைக்கானவை அல்ல. வீட்டில் குளியலறை இல்லாத ஏழைத் தொழிலாளர்கள் அழுக்குப் போகக் குளிப்பதற்காகக் கட்டப்பட்டவை. வட மாநில நகரங்களில் குடியேறிகளும் கறுப்பினத்தவரும் வெள்ளையினத் தொழிலாளர்களும் அவற்றில் சேர்ந்தே குளித்தார்கள். ஆணுக்கு ஒரு நாள், பெண்ணுக்கு ஒரு நாள் என்பதுதான் அன்றைய பிரிவினை.

1920களிலும் 30களிலும் நிலைமை மாறியது. குளங்கள் பெரிதாயின. மணல் பரப்பு, புல்வெளி எல்லாம் சேர்ந்து ஊரே கூடும் இடமாயின. ஆணும் பெண்ணும் சேர்ந்து நீந்தலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். அதே கையோடு கறுப்பினத்தவர் உள்ளே வரக் கூடாது என்ற விதியைப் போட்டார்கள். இந்த வரலாற்றை விரிவாக ஆராய்ந்த ஜெஃப் வில்ட்ஸி இரண்டுக்கும் உள்ள தொடர்பைக் காட்டுகிறார். கறுப்பின ஆண்கள் வெள்ளையினப் பெண்களோடு ஒரே நீரில் இருப்பதைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை.

நமக்கு இது புதிய செய்தி அல்ல. சாதியின் உயிர்நாடி அகமண முறை என்றும், பெண்ணைக் கட்டுப்படுத்தாமல் சாதியைக் காப்பாற்ற முடியாது என்றும் அண்ணல் அம்பேத்கர் 1916இல் ஒரு கட்டுரையில் நிறுவினார். அந்தக் கட்டுரையை அவர் வாசித்தது நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில். அதே நாட்டில் சில ஆண்டுகள் கழித்து நீச்சல் குளங்களின் வாசலில் அது நடந்துகாட்டியது.

வெளியில் சொன்ன காரணம் வேறு. கறுப்பின மக்களுக்கு நோய் இருக்கிறது, தண்ணீர் கெட்டுவிடும் என்றார்கள். கலிஃபோர்னியாவில் பசடீனா நகரத்தின் புருக்சைடு பூங்காக் குளத்தில் வெள்ளையர் அல்லாதவர்களுக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள் ஒதுக்கியிருந்தார்கள். அந்த நாள் முடிந்ததும் முழுத் தண்ணீரையும் வெளியேற்றிவிட்டுப் புதுநீர் நிரப்புவார்கள். அதே மாநிலத்தின் ஆரஞ்சு நகரத்தில் மெக்சிக வழி வந்தவர்களுக்குத் திங்கட்கிழமை மட்டும் அனுமதி. அங்கும் அதற்குப் பிறகு குளத்தைக் காலி செய்தார்கள்.

இந்த வாதத்தின் பொய்யை அந்தத் தொழிலே உடைத்திருந்தது. 1910களிலேயே குளத்து நீரில் குளோரின் கலப்பது தொடங்கிவிட்டது. மணல் வடிகட்டி, சுழற்சிப் பம்பு எல்லாம் அடுத்தடுத்து வந்தன. இன்று குளம் பார்க்கப் போகும் ஒரு பணியாளர் 10 லட்சத்துக்கு 1 முதல் 3 பங்கு வரை குளோரின் இருக்கிறதா என்று அளப்பார். அவ்வளவு இருந்தால் பெரும்பாலான கிருமிகள் நிமிடங்களில் செத்துவிடும். யார் உடம்பிலிருந்து வந்த கிருமி என்று குளோரின் கேட்பதில்லை. இன்னொன்றும் அந்தப் பணியாளருக்குத் தெரியும். நீச்சல் குளத்தில் மூக்கைத் துளைக்கும் அந்த நெடியைச் சுத்தத்தின் வாசனை என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேரும்போதுதான் அந்த நெடி வருகிறது. வெள்ளையர் மட்டும் குளித்த குளத்திலும் அது வந்தது.

ஆக, தண்ணீர் சுத்தமாக இருக்கிறதா என்பது அங்கே கேள்வியே இல்லை. அறிவியல் அந்தக் கேள்விக்கு விடை சொல்லி முடித்திருந்தது. தீட்டு என்பது கிருமியைப் பற்றியது அல்ல என்று நம் பாட்டன்மார் கிணற்றடியில் நின்று கற்றதை அவர்கள் குளத்தடியில் நின்று கற்றார்கள்.

திறந்ததும் காலியான குளங்கள்

செயின்ட் லூயிஸ் நகரத்தின் ஃபேர்கிரவுண்டு பூங்காவில் இருந்த வட்ட வடிவக் குளம் ஒரே நேரத்தில் பல ஆயிரம் பேர் இறங்கக் கூடியது. 1949 ஜூன் 21 அன்று நகராட்சி அதை எல்லோருக்கும் திறந்தது. சுமார் 30 கறுப்பினச் சிறுவர்கள் உள்ளே போய் நீந்தினார்கள். வேலிக்கு வெளியே வெள்ளையினச் சிறுவர்கள் கூடி நின்று கொலை மிரட்டல் விட்டார்கள். மாலைக்குள் ஆயிரக்கணக்கானோர் திரண்டு, கண்ணில் பட்ட கறுப்பினத்தவரை எல்லாம் தாக்கினார்கள். மேயர் உடனே பழைய விதியைத் திரும்பக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு நீதிமன்றம் தலையிட்டு, குளம் பொதுவானது என்றது.

வழக்கில் வெற்றிதான். ஆனால் கலவரத்துக்கு முந்தைய 1948 கோடையில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வருகை பதிவான அந்தக் குளத்தில், பொதுவாக்கப்பட்ட முதல் கோடையில் ஏறத்தாழ 10 ஆயிரம்தான் பதிவானது. சில ஆண்டுகளில் குளத்தையே மூடிவிட்டார்கள்.

பால்டிமோரில் வெள்ளையருக்கு ஆறு குளங்கள், கறுப்பினத்தவருக்கு ஒன்று. 1953 கோடையில் அந்நகரத்தின் 13 வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவன் நண்பர்களோடு ஆற்றில் குளிக்கப் போய் மூழ்கி இறந்தான். அவன் நண்பர்களில் வெள்ளையினச் சிறுவர்களும் இருந்தார்கள். ஒன்றாகக் குளிக்க அவர்களுக்கு ஆற்றைத் தவிர வேறு இடம் இல்லை. அதன்பின் தொடுக்கப்பட்ட வழக்கில் முதலில் தீர்ப்பளித்த நீதிபதி, பள்ளிக்கூடத்தைவிட நீச்சல் குளம் உணர்ச்சிகரமான இடம் என்று காரணம் சொல்லிப் பிரிவினையை ஏற்றார். 1955இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பியது. உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது.

தென் மாநிலங்கள் வேறு வழி கண்டுபிடித்தன. அலபாமாவின் மான்ட்கோமரி நகரத்தில் பூங்காக்களைப் பொதுவாக்கக் கோரி வழக்குப் போட்டவர்களில் ஒருவர் ஜார்ஜியா கில்மோர். சமையல் வேலை செய்து பிழைத்தவர். பேருந்துப் புறக்கணிப்புப் போராட்டத்துக்குக் கோழியும் கேக்கும் சமைத்து விற்று நிதி திரட்டியவர். அவர்கள் வழக்கில் வெல்லப்போகிறார்கள் என்று தெரிந்ததும் நகராட்சி 1959 ஜனவரி 1 முதல் எல்லாப் பூங்காக்களையும் மூடியது. ஓக் பார்க் என்ற பெரிய பூங்காவில் நீச்சல் குளத்தை மண் போட்டு மூடினார்கள். விலங்குகளை விற்றார்கள். 1965இல் பூங்காவைத் திறந்தபோதும் குளத்தைத் திரும்பக் கட்டவில்லை. அந்த மண்ணுக்கு அடியில் போனது வெள்ளையினக் குழந்தைகளின் குளமும்தான். இழப்பு தமக்கும் சேர்த்துத்தான் என்று தெரிந்தே செய்தார்கள்.

மிசிசிப்பியின் ஜாக்சன் நகரத்திலும் இதே கதை. அங்கே ஐந்து பொதுக் குளங்கள் இருந்தன. நான்கு வெள்ளையருக்கு, ஒன்று கறுப்பினத்தவருக்கு. பிரிவினை சட்டவிரோதம் என்று தீர்ப்பு வந்ததும் நான்கை நகராட்சி மூடியது. குத்தகையில் இருந்த ஐந்தாவதைத் திருப்பிக் கொடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1971இல் 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. யாருக்குமே குளம் இல்லை என்றால் அங்கே பாகுபாடும் இல்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள்.

வேலிக்குள் வளர்ந்த தொழில்

பொதுக் குளத்தை விட்டுப் போனவர்கள் முதலில் போன இடம் மன்றங்கள். பத்திருபது தெருக்காரர்கள் பணம் போட்டுச் சேர்ந்து ஒரு குளம் கட்டிக்கொள்வார்கள். உறுப்பினர்களுக்கு மட்டும் அனுமதி. 1950களிலும் 60களிலும் புறநகரெங்கும் இப்படி ஆயிரக்கணக்கில் முளைத்தன. வாஷிங்டனுக்கு அருகில் வீட்டன் ஹேவன் என்ற மன்றம் தன் பகுதியில் வீடு வாங்கிய கறுப்பினக் குடும்பத்தைச் சேர்க்க மறுத்தது. வெள்ளையின உறுப்பினர் ஒருவர் அழைத்துவந்த கறுப்பின விருந்தினரையும் அடுத்த முறை தடுத்தது. கேட்டபோது நாங்கள் தனியார் அமைப்பு என்றார்கள். அந்தப் பகுதியில் குடியிருக்கும் எல்லா வெள்ளையருக்கும் கதவைத் திறந்து வைத்துவிட்டு உங்களைத் தனியார் என்று சொல்லிக்கொள்ள முடியாது என்று 1973இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

அப்போது அடுத்த வேலி தயாராக இருந்தது. சொந்த வீட்டின் கொல்லைப்புறம். அங்கே எந்த நீதிமன்றமும் வர முடியாது.

1950இல் அமெரிக்காவில் தரையில் தோண்டிக் கட்டிய வீட்டுக் குளங்கள் சுமார் 2,500தான். திரைப்பட நடிகர்கள், பெரும் பணக்காரர்கள் வீடுகளில் இருந்தவை. 1999இல் அந்த எண்ணிக்கை 40 லட்சம். இதற்கு நிறவெறி மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். போருக்குப் பிறகு கையில் காசு புழங்கியது. கம்பி வலையின் மேல் காங்கிரீட்டைப் பீய்ச்சியடித்துக் குழிந்த வடிவங்களை விரைவாகக் கட்டும் முறை பரவியது. மண் குழியில் வினைல் விரிப்பைப் போட்டு மலிவாகக் குளம் அமைக்கவும் வழி வந்தது. இவையெல்லாம் உண்மை. ஆனால் குளம் கட்டத் தோட்டம் வேண்டும். தோட்டத்துக்கு வீடு வேண்டும். வீட்டுக்குக் கடன் வேண்டும். 1934இல் உருவான கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் கறுப்பினப் பகுதிகளுக்குக் கடன் உத்தரவாதம் தர மறுத்தது. நியூயார்க்கை ஒட்டிய லெவிட்டவுன் குடியிருப்பில் குளங்கள் உண்டு. வெள்ளையர் அல்லாதவர் அங்கே குடியிருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். நீச்சல் குளம் விற்கும் கடைக்காரர் யாரிடமும் நிறம் கேட்க வேண்டிய தேவை இல்லை. அவர் கடைக்கு யார் வர முடியும் என்பதை வங்கி முன்பே தீர்மானித்துவிட்டது.

சூடுநீர்த் தொட்டியின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். ஜகூசி என்பது ஒரு குடும்பப் பெயர். இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த சகோதரர்கள் 1915இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பட்டறை தொடங்கினார்கள். முதலில் விமானத்துக்கான சுழல் இறக்கைகள் செய்தார்கள். 1921இல் அவர்களுடைய விமானம் விழுந்து நொறுங்கி, சகோதரர்களில் ஒருவரும் பலியானார். அதன்பிறகு விவசாயக் கிணற்றுக்குப் பம்பு செய்யும் தொழிலுக்கு மாறினார்கள். அந்தக் குடும்பத்துக் குழந்தை ஒன்றுக்கு மூட்டு வாதம். சுழல் நீரில் உட்கார வைத்தால் வலி குறைந்தது. அதற்காக வீட்டிலேயே தொட்டிக்குள் வைக்கும் பம்பை உருவாக்கி, 1956இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். 1968இல் பம்பும் தொட்டியும் ஒன்றாகச் சேர்ந்த குளியல் தொட்டி வந்தது. நோயாளிக் குழந்தைக்காகப் பிறந்த கருவி சொகுசுப் பொருளானது.

இந்த வரிசையை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். பல ஆயிரம் பேர் இறங்கிய நகராட்சிக் குளம். பிறகு சில நூறு குடும்பங்களின் மன்றக் குளம். பிறகு ஒரே குடும்பத்தின் கொல்லைப்புறக் குளம். கடைசியில் நான்கைந்து பேர் முழங்காலை மடக்கி உட்காரும் சூடுநீர்த் தொட்டி. அமெரிக்கா வசதியில் வளர வளர அதன் குளம் சுருங்கிக்கொண்டே போனது.

குளத்தைக் கழுவுகிறவர்

இந்தத் தொழிலைக் கையால் செய்கிறவர் பணக்காரர் அல்ல. ஒரு பழைய வண்டி, நீண்ட கம்பில் கட்டிய வலை, தூரிகை, சோதனைக் குப்பிகள், குளோரின் வாளி, ஆசிட் கேன். இவ்வளவுதான் முதலீடு. வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீடாகப் போய் இலை அள்ள வேண்டும், சுவரைத் தேய்க்க வேண்டும், வடிகட்டியைக் கழுவ வேண்டும், நீரை அளந்து மருந்து போட வேண்டும். வெயிலில் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து வீடுகள். அவரிடம் உள்ள உண்மையான சொத்து வாடிக்கை வீடுகளின் பட்டியல்தான். அதை ரூட் என்கிறார்கள். தொழிலை விட்டுப் போகும்போது ஏறத்தாழ ஓராண்டு வருமானத்தை விலையாக வைத்து அந்த ரூட்டை இன்னொருவருக்கு விற்றுவிட்டுப் போவார். குளோரின் வகைகள் இரண்டை ஒரே வாளியில் தெரியாமல் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். அமிலமும் குளோரினும் கலந்தால் நச்சுவாயு கிளம்பும். சூடுநீர்த் தொட்டி இன்னும் சிக்கல். 40 டிகிரி வெப்பத்தில் குளோரின் சீக்கிரம் தீர்ந்துபோகும். கவனிக்காமல் விட்டால் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி பெருகும். இத்தனையும் தெரிந்த அந்த மனிதரைத்தான் வெறும் குளம் கழுவுகிறவர் என்கிறார்கள்.

தெற்குக் கலிஃபோர்னியாவில் இன்று இந்த வேலையைச் செய்கிறவர்களில் கணிசமானோர் மெக்சிகோவிலிருந்தும் அதற்கு அப்பாலும் வந்த குடும்பத்தினர். அதே பகுதியின் சான் பெர்னார்டினோவில் நகராட்சிக் குளத்தில் மெக்சிக வழி அமெரிக்கர்கள் நுழையத் தடை இருந்தது. 1944இல் வழக்குப் போட்டுத்தான் அதை உடைத்தார்கள். திங்கட்கிழமை மட்டும் குளிக்க விட்டுப் பிறகு தண்ணீரை மாற்றினார்களே, அந்த மக்களின் வழித்தோன்றல்கள் இப்போது வாரம் முழுக்க அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்கிறார்கள். கை படலாம், உடம்பு படக் கூடாது. இந்த விதியை நமக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

இழப்பு யார் வீட்டில் விழுந்தது என்பதற்கு எண்ணிக்கை இருக்கிறது. அமெரிக்காவில் 10 முதல் 14 வயது வரையிலான கறுப்பினப் பிள்ளைகள் நீச்சல் குளங்களில் மூழ்கி இறக்கும் விகிதம் வெள்ளையினப் பிள்ளைகளைப்போல் 7.6 மடங்கு என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. நீச்சல் ரத்தத்தில் வருவதில்லை, குளத்தில் வருவது. தாத்தாவைக் குளத்தில் இறங்க விடவில்லை. அதனால் அப்பாவுக்கு நீந்தத் தெரியாது. அப்பா பயந்து மகனைத் தண்ணீர்ப் பக்கம் விடவில்லை. 1959இல் மான்ட்கோமரியில் கொட்டிய மண் இன்னும் பிள்ளைகளை மூழ்கடிக்கிறது.

சவுதார் குளத்திலும் இதே வாதம்

இப்போது நம் குளத்துக்கு வருவோம். 1923இல் பம்பாய் சட்டமன்றம் பொது நீர்நிலைகள் தீண்டப்படாதோருக்கும் உரியவை என்று தீர்மானம் போட்டது. மகத் நகராட்சி சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. காகிதத்தில் திறந்த குளத்தில் யாரும் இறங்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் ஆயிரக்கணக்கானோரோடு நடந்துபோய் அந்த நீரை அள்ளிக் குடித்தார். அன்றே தாக்குதல் நடந்தது. பிறகு சாதி இந்துக்கள் குளத்தில் பஞ்சகவ்யம் ஊற்றிச் சுத்தம் செய்தார்கள். சாணியையும் கோமியத்தையும் ஊற்றினால் சுத்தமாகும் நீர், ஒரு மனிதன் கை வைத்தால் கெட்டுவிடும்.

இந்தச் சடங்கைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அதற்கு அடுத்து அவர்கள் செய்ததைக் குறைவாகவே பேசுகிறோம். அந்த ஆண்டு டிசம்பரில் இரண்டாம் முறை குளத்துக்குப் போக அண்ணல் திட்டமிட்டபோது அவர்கள் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கினார்கள். என்ன சொல்லி? அந்தக் குளம் பொதுவானது அல்ல, தனியார் சொத்து என்று சொல்லி. இஸ்லாமியரும் பிற மதத்தவரும் அள்ளும் நீர் தலித் அள்ள வந்ததும் தனிச் சொத்தாகிவிட்டது. வீட்டன் ஹேவன் மன்றத்துக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே மகத்தில் அந்த வாதம் வந்துவிட்டது. வழக்கு பத்தாண்டு நடந்தது. 1937 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் அண்ணல் வென்றார்.

அந்த அனுபவம் அரசமைப்புச் சட்டத்தில் பதிந்திருக்கிறது. கூறு 15(2) கிணறு, குளம், படித்துறை என்று பெயர் சொல்லிப் பாகுபாட்டைத் தடுக்கிறது. ஆனால் அந்தக் கூறைக் கவனமாகப் படியுங்கள். அரசு நிதியில் பராமரிக்கப்படுபவை அல்லது பொதுமக்களுக்கென ஒதுக்கப்பட்டவை என்றே அது வரையறுக்கிறது. குளம் பொதுவாக இருக்கும் வரைதான் அந்த உரிமைக்குப் பல் இருக்கும். சாதி இதை நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறது. ஊர்க் குளத்தில் தலித் இறங்கலாம் என்றானதும் ஊர்க்காரர் தோட்டத்தில் ஆழ்துளைக் கிணறு வந்தது. ஊர்க் குளம் தூர்ந்துபோனது. அரசுப் பள்ளியில் சேரிப் பிள்ளைகள் நிறையத் தொடங்கியதும் மஞ்சள் வேன்கள் வந்து ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டுபோயின. நகரத்து அடுக்குமாடி வளாகங்களில் நீல நிறத்தில் குளம் மின்னுகிறது. அந்த வளாகத்தில் வீட்டு வேலை செய்யும் பெண் தன் பிள்ளையை அதன் பக்கம் அழைத்துவர முடியாது. அவர் என்ன சாதி என்று யாரும் கேட்கவில்லை, விதி வேலையாட்களுக்குத்தான் என்பார்கள். வேலையாட்கள் யார் என்பதைப் பல நூற்றாண்டுக்கு முன்பே தீர்மானித்துவிட்டார்கள். வேங்கைவயல் தொட்டியைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1946இல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். கறுப்பினத்தவர் நிலையும் தீண்டப்படாதோர் நிலையும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று அதில் குறிப்பிட்டார். 1972இல் மராட்டிய இளைஞர்கள் கறுப்புச் சிறுத்தைகளின் பெயரைத் தங்கள் இயக்கத்துக்குச் சூட்டினார்கள். அந்த மக்களின் போராட்ட முறையை நாம் நிறையக் கற்றிருக்கிறோம். அவர்கள் வென்ற பிறகு என்ன ஆனது என்பதையும் கற்க வேண்டிய காலம் இது.

நம் இளைஞர்களில் சிலர் இப்போது சொல்கிறார்கள்: நமக்கும் காசு வந்தால் நாமும் வீட்டில் குளம் கட்டிக்கொள்ளலாம், நம் ஆள் ஒருவர் அந்தத் தொழிலை நடத்தலாம், பிறகு எதற்கு ஊர்க் குளத்துக்கு அலைய வேண்டும்? நம் பிள்ளைகள் தொழில் நடத்த வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அமிலத்தை அளந்து ஊற்றத் தெரிந்த கைக்கு முதலாளியாகும் தகுதியும் உண்டு. ஆனால் கொல்லைப்புறக் குளம் விடுதலை ஆகாது. நீ வீட்டுக்குள் கட்டிக்கொள், நான் வீட்டுக்குள் கட்டிக்கொள்கிறேன் என்பது சாதிக்கு மிகவும் பிடித்த சமாதானம். வீடே இல்லாத நம் மக்களுக்கு அந்தச் சமாதானத்தில் இடம் இல்லை.

ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் கல்குவாரிக் குட்டையிலும் பாழுங்கிணற்றிலும் மூழ்கி இறக்கும் பிள்ளைகளின் செய்தி வருகிறது. ஒரு சிறு பெட்டிச் செய்தியாக வந்து போய்விடுகிறது. அவர்கள் எந்தத் தெருப் பிள்ளைகள் என்று விசாரித்துப் பாருங்கள். உங்கள் ஊராட்சியில் எத்தனை குளம் இருந்தது, எத்தனை மிச்சம் இருக்கிறது, எது யார் பட்டாவில் போனது என்று பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். தூர்வாரக் கேளுங்கள். படித்துறை கட்டக் கேளுங்கள். மாவட்ட விளையாட்டரங்கில் நீச்சல் குளம் இருந்தால் ஆதிதிராவிடர் விடுதிப் பிள்ளைகளுக்கு அங்கே பயிற்சி கேளுங்கள். இவை சின்னக் கோரிக்கைகளாகத் தோன்றும். சவுதார் குளத்தில் அண்ணல் கேட்டதும் ஒரு கை நீர்தான்.

குளத்தில் இறங்கும் உரிமையை வென்ற நாளோடு வேலை முடிவதில்லை. மறுநாள் அந்தக் குளம் அங்கே இருக்கிறதா என்று போய்ப் பார்க்க வேண்டும்.

ஜெய்பீம்.